பிரெஞ்சு சம்பந்திக்கு எப்படிப் பத்திரிகை எழுதுவது?

நேற்று ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையைப் பிரித்ததும் அச்சு மையும் மஞ்சளும் கலந்த அந்த வாசனை... ஆளை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் கம்பைநல்லூரில், நண்பன் முருகேசன் வீட்டு ஹாலில் இறக்கிவிட்டது. போன மாதம் அங்கே வாங்கிய அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

எழுதுகிறவன் என்றால் ஊரில் ஒரு நிரந்தர உத்தியோகம் உண்டு — தெரிந்தவர் வீட்டுப் பத்திரிகைக்கெல்லாம் வாசகம் எழுதுவது. முருகேசனின் மகன் பிரபு பிரான்சில் இன்ஜினியர். கூட வேலை பார்க்கும் க்ளேரைக் கட்டிக்கொள்ளப்போகிறான். பெண்ணைப் பெற்றவர்கள் பியேரும் மார்த்தும் சம்பந்தம் பேச மகளோடு நேரிலேயே வந்துவிட்டார்கள். இலையில் ரசம் ஓடுவதற்குள் கையால் அணை கட்டிச் சாப்பிட்ட பியேரை முருகேசனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

சாப்பாடு முடிந்தது. பேனாவைத் திறந்தேன். "திரு. பியேர் — திருமதி. மார்த் தம்பதியரின் குமாரத்தி... சரிதானா, கேளு பிரபு."

கேட்டான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பிரபு சிரிக்கவில்லை.

"அவங்களுக்குக் கல்யாணம் ஆகலைங்களாம் மாமா."

"டேய், ஒழுங்கா கேட்டுச் சொல்றா!" என்றான் முருகேசன்.

மறுபடி கேட்டான். அதே பதில். முப்பத்திரண்டு வருஷம், ஒரே வீடு, இரண்டு பெண் பிள்ளைகள். கல்யாணம் மட்டும் இல்லை.

"யாரு தடுத்தாங்களாம்?" முருகேசன்தான் கேட்டான்.

"யாரும் தடுக்கலை. தோணலையாம்."

நம் ஊரில் தடுக்கிறார்கள் என்பதற்காக ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடுக்க ஒரு ஆள்கூட இல்லாமல், கட்டிக்கொள்ளாமலே ஒரு ஆயுளா?

"அப்ப பொண்ணுக்கு மட்டும் எதுக்குத் தாலி?"

"அது அவ இஷ்டமாம்ப்பா."

முருகேசன் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துப்போனான். "பங்காளிங்க காறித் துப்புவானுங்கப்பா. பத்திரிகையும் வேணாம், கல்யாணமும் வேணாம். வண்டியைக் கூப்பிட்டு இவங்களை ஊருக்கு அனுப்பிடலாம்."

திரும்பி வந்தோம். க்ளேரின் முகம் வெளுத்துக் கிடந்தது. எங்கள் மொழி தெரியாவிட்டால் என்ன? முடிவு தெரிந்துவிட்டது.

அதுவரை வாய் திறக்காத முருகேசனின் மனைவி சாந்தி கேட்டாள்: "ஏங்கண்ணு, அந்தம்மாவுக்கு எப்பனாச்சும் ஒடம்பு முடியாமப் போச்சான்னு கேளு."

போயிருந்தது. இடுப்பில் ஆபரேஷன். ஆறு மாதம் குளிப்பாட்டி, தலை துவட்டி, சமைத்துப் போட்டது எல்லாம் பியேர்தான். "விட்டுட்டுப் போகணும்னா அவரு என்னிக்கோ போயிருக்கலாமாம். போகத் தோணலையாம்" என்றான் பிரபு.

சாந்தி புருஷனைப் பார்த்தாள். "எனக்கு ஆபரேஷன் ஆனப்ப இவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாருங்கண்ணா. பீரோ சாவி எங்கன்னு கேக்க."

"ஏய், அதுவும் இதுவும் ஒண்ணா?"

"இல்லீங்க. ஒண்ணே இல்லீங்க." என் பக்கம் திரும்பினாள். "எழுதுங்கண்ணா. அந்தம்மா பேருக்கு முன்னாடி திருமதி வேணாம். எம்பேருக்கும் வேணாம். ரெண்டு பேரும் வெறும் பேரா இருக்கட்டும். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் குறைன்னு யாரும் பேச மாட்டாங்கல்ல?"

திரும்பப் பேனாவைத் திறந்தேன். திருமதி, திரு, சாட்சிக் கையெழுத்து — இத்தனை ஆணி அடித்துத்தானே என் குடித்தனத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன்? எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் நிற்குமா? கேட்டுக்கொள்ளவே பயமாக இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். க்ளேர் படிக்கத் தெரியாத அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வண்டியை எடுத்தேன். முருகேசன் கேட் வரை வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"பங்காளிங்க எவனாச்சும் திருமதி எங்கேன்னு கேட்டா, எழுதுனவன் பண்ண தப்புன்னு சொல்லிடறன்ப்பா... கோவிச்சுக்காத!"