ஓடைப்பள்ளத்துக் கிடை

கடம்பூர் பக்கம் கரிசலில் ஆட்டுக்கிடை போட்டிருந்த அந்த அக்கா, எதைக் கேட்டாலும் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"படிச்ச பிள்ளதான, புயல் எங்கன நிக்குன்னு பாரு" என்றார்.

போனைப் பார்த்து, பொழுதடையப் பெருமழை என்றேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள், அதோடு நிறுத்தவில்லை.

"நம்ம நாடும் பக்கத்து நாடுகளும் சேந்த கூட்டமைப்பு, சண்டையால கூட்டம் போட்டே வருசக்கணக்காச்சுக்கா. ஆனா புயல் தகவல மட்டும் சொல்லிக்கிடுதாவ."

கீழே ஓடைப்பள்ளத்தில் அக்காவின் கொழுந்தனுடைய கிடை. சொத்துப் பங்குச் சண்டையில் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து, வெள்ளம் வருகிறதென்று எச்சரிக்கக் கிடைக்காரர்கள் அடிக்கும் நீள விசிலை அடித்தார். கொழுந்தன் நிமிர்ந்து பார்த்து, ஆடுகளை மேட்டுக்கு ஓட்டினார்.

"பேசிட்டீயளாக்கா?"

வானத்தைப் பார்த்தார். "யாரு பேசுனா? தண்ணி வருதுன்னு சொன்னேன்."

கூட்டமைப்பைப் பற்றித் தேர்வில் நான்கு பக்கம் எழுதியவள் நான். அந்த விசில் எந்தப் பக்கத்திலும் இல்லை.