வேலிக்கு வெளியே வைத்த சோறு

பறவை பார்க்கும் பைத்தியம் எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் பிடித்தது. விடியற்காலையில் தொலைநோக்கியோடு டுரியான் துங்கால் அணைக்கட்டுக்குக் கிளம்பினால், "வயசான காலத்துல இதெல்லாம் தேவையா லா?" என்பான் மகன். தேவைதான். மரங்கொத்தி பொந்திலிருந்து தலையை நீட்டும்வரை ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க என்னால் முடியும். கூட வரும் இளசுகள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். எனக்கு அந்தப் பயிற்சி எட்டு வயதிலேயே கிடைத்துவிட்டது.

அது வெள்ளைக்காரன் ஆட்சியில் வந்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, எங்கள் ரப்பர் தோட்டத்தில் சிதறிக் கிடந்த லயத்து வீடுகளைக் காலிசெய்து எல்லாரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. பால்மரம் வெட்டப் போகிறவர்கள்கூட கேட்டில் சோதனை முடிந்து வெறுங்கையோடுதான் போவார்கள். பார்வையை மறைக்கிறதென்று உள்ளே இருந்த மரங்களையும் வெட்டிவிட்டதால் காகங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன.

அம்மாவுக்கு இது பெரிய சங்கடம். அமாவாசையன்று, செத்துப்போன தாத்தாவுக்குப் படைத்த சோற்றைக் காகம் எடுத்தால்தான் அவள் சாப்பிடுவாள். வேலிக்குள் வந்த முதல் அமாவாசையில் மைனாக்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "காக்கா வந்துச்சான்னு போய்ப் பாருடி" என்று என்னைத் துரத்திக்கொண்டே இருந்தாள். அன்று முழுக்கப் பட்டினி.

அடுத்த அமாவாசைக்குள் நான் துப்புத் துலக்கிவிட்டேன். வேலிக்கு அப்பால் ஒரு பட்டமரத்தில் இரண்டு அண்டங்காக்கைகள் உட்காரும். உச்சிவெயிலில் தரைக்கு இறங்கும். வேலியைத் தாண்ட மட்டும் அவற்றுக்கு மனமில்லை. அன்று அம்மா வேலியோரம் சோற்றை வைத்துவிட்டு வீட்டுக்குள் போனதும், ஒரு குச்சியால் வாழையிலையை முள்கம்பிக்கு அடியில் வெளியே தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் காகம் இறங்கியது. "அம்மா, காக்கா எடுத்துருச்சு!" என்று கத்தினேன். அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாலையில் ரோந்து வந்தவர்கள் வேலிக்கு வெளியே அந்த இலையைக் கண்டார்கள். பருக்கைகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரையும் கேட்டருகே நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி கத்தியதைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி தமிழில் சொன்னார். "யாரு வெச்சது? சொல்லிடுங்க. இல்லாட்டி எல்லாரையும் லோரியில ஏத்திடுவாங்க."

என் சாமர்த்தியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து அழுத்திப் பொத்தினாள். அப்பா திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு ஓரடி முன்னால் போய், "நான்தாங்க ஐயா வெச்சேன், காக்காவுக்கு" என்றார். கிராணி அதை எடுத்துச் சொன்னதும் அதிகாரி சிரித்தார். அப்பாவை மட்டும் லோரியில் ஏற்றினார்கள். கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அம்மா சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாளும் எனக்கு மட்டும்தான் சோறு போட்டாள். காகம் வராததுதான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் பங்கில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகாமல் வேலியோரம் நின்றேன். இம்முறை இலையை உள்ளேயே வைத்தேன். அசையாமல் நின்றதில் என்னென்னவோ வந்தன. ஒரு நீல மீன்கொத்தி வேலிக்கம்பத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. தேன்சிட்டு ஒன்று என் தோளருகே பறந்து போனது. அழகாகத்தான் இருந்தன, ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்றாம் நாள் மத்தியானம் ஓர் அண்டங்காக்கை வேலியைத் தாண்டி வந்து சோற்றைக் கவ்வியது. தலைதெறிக்க ஓடினேன்.

"அம்மா, காக்கா உள்ளயே வந்துருச்சு! இனிமே சாப்பிடும்மா!"

அப்பா திரும்பி வர அதன்பிறகும் ஒரு வாரம் ஆனது. திரும்புவார் என்பதே அப்போது அம்மாவுக்குத் தெரியாது. அவரை லோரியில் ஏற்றியது என் வேலைதான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அவள் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டில் சோறு போட்டுக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள். அம்மாவின் கஷ்டம் தீர்ந்ததென்று நான் விளையாடப் போய்விட்டேன்.