மரியாதையான பிள்ளை

பிரவீனா எம்.எஸ்.டபிள்யூ. படிக்கச் சேர்ந்தபோது வகுப்பில் அவள்தான் மூத்தவள். மற்றவர்கள் டிகிரி முடித்த கையோடு வந்திருந்தார்கள். முதல் வாரமே அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் சில வருடங்கள் அவள் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தாள். விபத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான். யார் எப்படி அலறினாலும் அவள் குரல் ஏறாது. "உனக்கென்ன நெஞ்சு கல்லா?" என்று கூட வேலை பார்த்தவள் ஒருத்தி கேட்டாள். "இந்த நிதானத்துக்கு நீ சோஷியல் வொர்க் படிக்கலாமேம்மா" என்று ஒரு டாக்டரம்மா சொன்னார். இரண்டையும் பிரவீனா ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா சொன்னதைச் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது.

மதுக்கரை வீட்டில் அவளும் அப்பா பாலுசாமியும் மட்டும்தான். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "படிக்கோணும்னா படி அம்மணி. ஆனா அடுத்தவங்க ஊட்டுச் சண்டையப் பாக்கறதுக்கெல்லாமா ஒரு படிப்பு?" என்று கேட்டார். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் அதற்குமேல் கேட்டதில்லை.

அவள் ஆறாவது படித்த வருடம் அம்மா சாந்தாமணி வீட்டைவிட்டுப் போனாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கட்கிழமை காலையில் கிளம்புவாள். ஒரு சனிக்கிழமை வரவில்லை. பிறகு, வேறொருவரோடு பொள்ளாச்சிப் பக்கம் குடியிருக்கிறாள் என்று சேதி வந்தது. அப்பா மறுநாள் ஷிஃப்டுக்குப் போனார். பிரவீனா பள்ளிக்கூடம் போனாள். "தங்கமான புள்ள, ஒரு சொட்டுக் கண்ணீர் உடலியே" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் மெச்சினார்கள். அவளுக்கு அழுகையை அடக்க வேண்டியிருக்கவில்லை. அடக்குவதற்கு உள்ளே எதுவும் இருந்த மாதிரியே தெரியவில்லை.

கல்லூரியில் பெற்றோரைப் பிரிந்த குழந்தைகளைப் பற்றி ஒரு முழுப் பாடமே இருந்தது. நன்றாகப் படித்து நல்ல மார்க் வாங்கினாள். அது தன்னைப் பற்றிய பாடமும்தான் என்பது பரீட்சை எழுதி முடித்து வெகுநாள் வரைக்கும் அவளுக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் வருடம் களப்பயிற்சிக்கு அவளை ராம்நகரில் இருந்த ஒரு குடும்ப ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூத்த ஆலோசகர் ஹிபா. உக்கடத்துக்காரர், வெடிச்சிரிப்பும் வேகமான நடையும் உள்ளவர். பிரவீனாவை அவருக்குப் பிடித்துப்போயிற்று. வந்தவர்கள் அழும்போது கூடவே அழுகிற மாணவிகளைத் தேற்றியே அவர் அலுத்துப்போயிருந்தார்.

அங்கேதான் ரித்திகா வந்தாள். பதினோரு வயது. அப்பா கதிரேசன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். அம்மா நித்யஸ்ரீ புருஷனோடு ஒத்துப்போகாமல் ஒருநாள் கிளம்பி பெங்களூர் போனவள், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள். கொஞ்ச காலம் போன் செய்தாள், அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. இப்போது கோயம்புத்தூருக்கே மாற்றல் வாங்கி வந்து, மகளைப் பார்க்க வேண்டும், வார விடுமுறைக்குத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். விஷயம் கோர்ட்டுக்குப் போவதற்குள் பேசிப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் மையத்துக்கு வரச் சம்மதித்திருந்தார்கள்.

முதலில் பிரவீனா கணபதி வீட்டுக்குப் போய் ரித்திகாவைப் பார்த்தாள். தலை வாரி, பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, எல்லாம் ஒழுங்காக வைத்திருந்த பிள்ளை. "அம்மா போனது உனக்கு எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்கக்கா. பழகிப்போச்சு" என்றாள். கிளம்பும்போது கதிரேசன் தன் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினார். பல் விழுந்த ரித்திகா கட்டில்மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாரு! நீ பாக்கவே மாட்டேங்கற! போ, உங்கூட காய்!" என்று கத்தினாள். கதிரேசன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அப்ப ரொம்ப வாலுங்க. இப்ப மாறிட்டா" என்றார்.

முதல் சந்திப்புக்கு நித்யஸ்ரீ புது கவுன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் ரித்திகா எழுந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க."

நித்யஸ்ரீ உட்கார்ந்தாள். "நல்லாப் படிக்கறியா கண்ணு?"

"படிக்கறேனுங்க."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேனுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"

நித்யஸ்ரீ தலையை மட்டும் ஆட்டினாள். கவுனைப் பிரித்துக் காட்டினாள். நல்லா இருக்குதுங்க என்றாள் ரித்திகா. நேரம் முடிந்ததும் எழுந்து, "போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே காத்திருந்த அப்பாவிடம் போனாள்.

ஹிபாவுக்குத் திருப்தி. "முதல் சந்திப்பே இவ்வளவு அமைதியா நடந்து நான் பார்த்ததில்ல. எவ்வளவு மரியாதையான பிள்ளை! இந்த ஞாயித்துக்கிழமையே அம்மா வீட்டுக்கு அனுப்பலாம்னு சொல்லிடலாமா?"

"அது மரியாதை இல்லீங்க மேடம்" என்றாள் பிரவீனா.

"பின்னே?"

"எங்க பக்கம் அப்பாவுக்கு 'ங்க' போடுவோம். அம்மாவ நீ, வா, போன்னுதான் சொல்லுவோம். இவளும் அப்படித்தான் பேசிட்டிருந்தா, வீடியோவுல பார்த்தேன். இப்ப ஊட்டுக்கு வந்த விருந்தாளிகிட்டப் பேசற மாதிரி பேசறா."

ஹிபா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத எப்படிப் பிடிச்ச?"

"நானும் அப்படிப் பேசியிருக்கேனுங்க. ஒன்பதாவது படிக்கறப்ப எங்கம்மா ஸ்கூல் கேட்டுக்கு வந்தாங்க. வாங்க, நல்லா இருக்கீங்களான்னு கேட்டேன். பெல் அடிச்சிருச்சு, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க வரலீங்க."

மதுக்கரை பஸ் எங்கே நிற்கும் என்று சொல்கிற குரலில்தான் இதைச் சொன்னாள். ஹிபா ஃபைலை மூடி வைத்தார். பிறகு, "நீயும் யார்கிட்டயாவது போய் உட்கார்ந்து பேசணும், தெரியுமா?" என்றார். பிரவீனா சரிங்க மேடம் என்றாள். ஹிபா சொன்ன ஒரு பெண் ஆலோசகரிடம் இரண்டு முறை போகவும் செய்தாள். அங்கே சொல்வதற்கு எதுவும் வரவில்லை. போவதை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு தள்ளிப்போனது. வாரம் ஒருமுறை அம்மாவும் மகளும் மையத்திலேயே சந்திப்பது, பிரவீனா கூட இருப்பது என்று முடிவானது. மூலையில் ஒரு கேரம்போர்டு இருந்தது. அதை ஆடினார்கள். ஓரிரு வாரங்களில் நித்யஸ்ரீ பொறுமை இழந்தாள்.

"இவ எங்கிட்ட மட்டும் ஏனுங்க இப்படி இருக்கறா? அவங்கப்பா சொல்லிக்குடுத்து அனுப்பறாரா?"

"இல்லீங்க. கோபம். அவளுக்கே அது தெரியாது" என்றாள் பிரவீனா. "ஒருநாள் வெளியே வரும். வந்தா நீங்க வாங்கிக்குவீங்களா?"

"என்ன வேணாலும் பேசட்டும், வாங்கிக்கறேன்."

"எந்திரிச்சு மட்டும் போயிரக்கூடாதுங்க. பதிலும் சொல்ல வேண்டாம். உக்காந்திருங்க, போதும்."

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை நித்யஸ்ரீ வரத் தாமதமானது. ரித்திகா கதவைப் பார்க்காத மாதிரி காய்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தாள். நித்யஸ்ரீ நனைந்த துப்பட்டாவோடு ஓடிவந்து, "டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன் கண்ணு" என்று சொல்லி முடிக்கவில்லை, கேரம்போர்டு கீழே விழுந்தது.

"எதுக்கு வந்த? போனவதான நீ? அப்படியே போயிரு! எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப எங்க போன? அப்பா போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தாரு, நீ எடுக்கவே இல்ல! நா செத்துப்போயிருந்தா வந்திருப்பியா?"

ரித்திகா அம்மாவின் தோளிலும் கையிலும் மாறி மாறி அடித்தாள். சத்தம் கேட்டு உள்ளே வர முயன்ற கதிரேசனை ஹிபா வாசலிலேயே நிறுத்திவிட்டார். நித்யஸ்ரீயின் முகம் வெளுத்துப்போனது. ஒருமுறை எழப் பார்த்தாள். பிரவீனாவின் கண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து ரித்திகா அடிப்பதை விட்டுத் தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். நித்யஸ்ரீயும் நாற்காலியிலிருந்து இறங்கி, கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

வாசலில் கதிரேசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஹிபா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரவீனா சிதறிய காய்களைப் பொறுக்கினாள். தனக்குள்ளும் ஏதாவது நடக்கும் என்று அவள் காத்திருந்தாள். பீரோவுக்கு அடியில் கையை விட்டுச் சிவப்புக் காயைத் தேடி எடுத்தாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ரித்திகா ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். சில வாரம் சண்டை போட்டுக்கொண்டு மத்தியானமே திரும்பி வந்துவிடுவாள். கதிரேசனும் நித்யஸ்ரீயும் கடைசிவரை சேரவில்லை; கோர்ட்டில் ஒத்துப்பேசி விவாகரத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிரவீனா முதல் வகுப்பில் தேறினாள். ஈரோடு மாவட்டத்தில் குழந்தைகள் நலனுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்தியூரில் தங்கி, சுற்று வட்டாரத்து ஊர்களுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுக்காரர்களையும் பார்க்க வேண்டும்.

வேலையில் சேர்வதற்கு முன்னால் தாய்மாமாவிடம் கேட்டு அம்மாவின் விலாசம் வாங்கினாள். அப்பாவிடம் சொன்னாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "போயிட்டு வா. வெயிலுக்கு முன்னால கெளம்பீரு" என்றார்.

பொள்ளாச்சியில் இறங்கி டவுன் பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. சாந்தாமணி உடம்பு பருத்து, முட்டிவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். அவளோடு இருந்தவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பேச்சு முட்டிவலியிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "என்ற மேல கோவமா கண்ணு?" என்று கேட்டாள் சாந்தாமணி.

பிரவீனா உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். அடுத்த மாதமும் வருகிறேன் என்று அவளே சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. சாந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோர் ஊற்ற எழுந்து போனாள்.

சொன்னபடி அடுத்த மாதம் போனாள். அதற்கடுத்த மாதமும் போனாள். அந்தியூரிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் மாறி மாறிப் போக வேண்டும், பாதி நாள் அதிலேயே போய்விடும். ஜன்னலோர இடம் கிடைத்தால் பெரும்பாலும் தூங்கிவிடுவாள்.