பதினாறாம் கட்டிலடியில் இருந்த மிஸ்

நான் சொல்லப் போறத நீங்க நம்புவீங்களோ தெரியா, நம்பாட்டியும் பரவாயில்ல, நானே இப்பிடிக் கதைகளுக்குச் சிரிக்கிற ஆள்தான். நேர்ஸ் ட்ரெய்னிங் காலத்தில ஹொஸ்டல்ல பிள்ளைகள் அந்த வாட்டில வெள்ளை உடுப்பு, இந்தப் படியில கால் சத்தம் எண்டு சொல்லிக் கூடிக் கூடிப் படுப்பாளுகள், நான் மட்டும் தலகணியத் தூக்கிட்டுத் தனியப் போய்ப் படுப்பன். மையித்துக்குப் பஞ்சு வச்சுக் கட்டின கை இது. பதினொரு வருச சேவையில எத்தன பேர மூடி அனுப்பியிருப்பன். எனக்குப் பயமெண்டா அது உசிரோட இருக்கிற ஆக்களுக்குத்தான், அதுவும் டியூட்டி லிஸ்ட் எழுதுற ஆக்களுக்கு.

எங்கட கரையோரத்து ஆஸ்பத்திரி ஒண்டுதான், பேர் வேணாம், இன்னும் அங்கதான் வேலை செய்றன். பொம்பள வாட். இருபத்தெட்டுக் கட்டில், அண்டைக்கு முப்பத்தேழு நோயாளி, மிச்சப் பேர் கீழ பாய் போட்டு. டெங்குக் காலம். முந்தி பின்னேர டியூட்டிக்கு மூணு பேர் நிண்ட வாட் அது. ஒராள் கட்டாருக்குப் போனா, இன்னொராள் இங்கிலாந்துக்குப் போனா, அவங்களப் பிழை சொல்ல மாட்டன், நானும் ரெண்டு தரம் பாஸ்போட்ட எடுத்துத் தூசு தட்டி வச்சவதான். ஆனாப் போனவங்கட இடத்துக்கு ஒருத்தரும் வரல்ல.

அண்டைக்கு நான் காலம ஏழு மணிக்கு வந்தவ. பின்னேரம் வர வேண்டிய மிஸ்ஸுக்குக் காய்ச்சல். வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் வந்து, "நுஸ்ரத், உன்ன விட்டா ஆளில்ல, நீயே நில்லு பிள்ள" எண்டா. நிண்டன். பகல் சோறு பெட்டிக்குள்ளயே கிடந்திச்சு. ஒண்டுக்குப் போக நேரமில்ல எண்டு தண்ணி குடிக்கிறதையும் நிப்பாட்டி வச்சிருந்தன், எங்கட தொழில்ல கன பேர் செய்றதுதான், வெளிய சொல்றல்ல.

பதினாறாம் கட்டில்ல காளியம்மா. உடப்பு ஊர் மனிசி, அறுபது தாண்டியிருக்கும், இதய வருத்தம். நேரா நிமிர்ந்து சாஞ்சிருந்தாத்தான் மூச்சு வரும். இனிச் செய்ய ஒண்டுமில்ல, நோகாம வச்சிருப்பம் எண்டு டொக்டர் காலமேயே மகளிட்டச் சொல்லிட்டார். மகள் செல்வி பார்வையாளர் நேரம் முடிஞ்சு போகக்குள்ள என்ட கையப் பிடிச்சா. "மிஸ், அம்மாக்குத் தனிய இருக்கப் பயம். இடைக்கிட ஒருக்கா எட்டிப் பாருங்கோ."

"ஓம் ஓம், நான் பார்த்துக்கொள்றன், நீங்க போங்க" எண்டன். ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்ற சொல்லு அது.

பொழுது பட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லி முடியல்ல, நல்ல மழை, வாசலடியில மூணாம் கட்டில்ல இருந்த ரிஸ்னாக்குக் கை கால் குளிரத் தொடங்கிட்டு. குறிஞ்சிப்பிட்டிப் பிள்ள, பத்தொன்பது வயசு, டெங்கு. பிரஷர் இறங்குது, நாடி பிடிச்சா நூல் மாதிரி. டொக்டர் ஓடி வந்தார், ஒரே டொக்டர்தான், சேலைன் எவ்வளவு விடோணும் எண்டு சொல்லிட்டு, "பதினஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காப் பாருங்க, இவவ விட்டு அசையாதீங்க" எண்டுட்டு மற்ற வாட்டுக்கு ஓடிட்டார். சேலைன் கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. இருந்த ஒரே அட்டண்டன் அக்காவும் வேறொரு நோயாளியோட அம்புலன்ஸ்ல போய்ட்டா. முப்பத்தேழு பேருக்கு நான் ஒராள்.

அப்பதான் வாட்டின்ட மற்ற முனை, அந்தத் தொங்கல்ல இருந்து காளியம்மா கூப்பிட்டா. "மிஸ்... மிஸ்..."

வாட் நீளம், நடுவில மருந்து அலுமாரி மறைக்கும், மூணாம் கட்டிலடியில நிண்டாப் பதினாறு தெரியாது. "வாறன் அம்மா, ரெண்டு நிமிசம்" எண்டு சத்தம் போட்டன். ரிஸ்னாட கை என்ட கைக்குள்ள. திரும்பவும் கூப்பிட்டா. திரும்பவும் வாறன் எண்டன். மூணாம் தரம் கூப்பிட்டது குரலே இல்ல, மூச்சுத்தான், அதுவும் எனக்குக் கேட்டிச்சு. பொறகு சத்தம் நிண்டிட்டு.

உண்மையச் சொல்லோணும். சத்தம் நிண்டதும் எனக்கு நிம்மதியா இருந்திச்சு.

எட்டு மணி போலதான் ரிஸ்னாட நாடி ஏறி, "தண்ணி வேணும் மிஸ்" எண்டு வாய் திறந்தா. அல்ஹம்துலில்லாஹ் எண்டுட்டு ஓடினன். காளியம்மா சாஞ்ச மேனிக்கே மூச்சடங்கி மௌத்தாகிக் கிடக்கிறா. எத்தனையோ பேரப் பார்த்தவ நான், ஆனா அண்டைக்கு ரெண்டாம் தரம் குனிஞ்சு பார்த்தன். ஏனெண்டா பின்னேரம் நான் பார்க்கக்குள்ள அவட தலமயிர் வேர்வையில ஒட்டி அவிழ்ந்து கிடந்திச்சு, இப்ப வாரிப் பின்னி முன்னுக்கு விட்டிருக்கு. முகம் துடைச்சிருக்கு. கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு கதிரை. அது என்ட மேசைக் கதிரை. நான் அத அசைக்கவேயில்ல.

பதினேழாம் கட்டில்ல மாம்புரி ஊர் ஹவ்வா ராத்தா, காலில புண், தானா எழும்ப ஏலாது. அவ கண்ணத் துடைச்சிட்டுச் சொல்றா, "அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்வான் மிஸ். பெத்த மகளும் இப்பிடி இருக்க மாட்டா."

"என்ன ராத்தா சொல்றீங்க?"

"கதிரையப் போட்டு, கடைசி வரைக்கும் அவட கைய விடாம இருந்தீங்களே."

காளியம்மாட கால்மாட்டில தொங்கின சார்ட்ட எடுத்தன். ஆறே முக்கால், ஏழு, ஏழே கால், ஏழரை, எல்லாத்துக்கும் நாடியும் மூச்சும் எழுதியிருக்கு. எழுத்து என்ட எழுத்து. ஏழு எழுதினா நடுவில ஒரு கோடு போடுவன், அந்தக் கோடும் இருக்கு. அதே நேரங்களுக்கு ரிஸ்னாட சார்ட்டிலயும் என்ட எழுத்து. அத எழுதினது ஞாபகமிருக்கு. இத எழுதல்ல. அல்லாஹ் மேல ஆணையா எழுதல்ல.

ரெண்டு கிழமையால விசாரணை வந்திச்சு. செல்விட மாமா ஒராள், தனிய விட்டுச் சாகவிட்டீங்க எண்டு எழுதிக் குடுத்திட்டார். மேசைக்கு அங்கால மூணு பேர், ரெண்டு சார்ட்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுக் கேட்டாங்க, ஏழே காலுக்கு ரெண்டு கட்டிலையும் எப்பிடிப் பார்த்தீங்க எண்டு. ஹவ்வா ராத்தாட வாக்குமூலமும் அங்க இருந்திச்சு. நான் என்னத்தச் சொல்ல? "ஓடி ஓடிப் பார்த்தன் சேர்" எண்டன். பொய். அந்தப் பொய்தான் என்ட வேலையக் காப்பாத்திச்சு. செல்வியும் மாமாவோட வந்து, அழுது, என்ட ரெண்டு கையையும் முகத்தில வச்சுக் கும்பிட்டா. நான் கைய இழுக்கவுமில்ல, உண்மையச் சொல்லவுமில்ல.

அதோட முடிஞ்சா நல்லம். எழும்பக்குள்ள விசாரிச்ச மூணு பேரில ஒராள் சிரிச்சுக்கொண்டு சொன்னார், "அப்ப ஒராளால சமாளிக்க ஏலும்தானே." பின்னேரத்துக்கு இன்னொரு மிஸ் வேணுமெண்டு சிஸ்டர் நெடுக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ரெண்டாவது ஆள் அதோட இல்லாமப் போய்ட்டு. இண்டைக்கும் பின்னேர டியூட்டிக்கு ஒராள்தான். நித்திரை கெட்ட கண், பசி, நீயே போய்ச் செஞ்சிட்டு மறந்திருப்பாய் எண்டு என்னக் கட்டின மாப்பிள்ள சொல்றார். சரி, மறந்தன் எண்டே வைங்க. அப்ப ரிஸ்னாட கையப் பிடிச்சுக்கொண்டு நிண்டது ஆரு?

ஹவ்வா ராத்தா வீட்ட போற அண்டைக்கு நான் கேட்டன், "அண்டைக்கு நான் அவவோட ஏதும் கதைச்சனா ராத்தா?"

"ஓம். அந்த மனிசி, உங்களுக்கு வேலை இருக்கும், போங்கோ மிஸ் எண்டா. நீங்க சொன்னீங்க, அவசரமில்லம்மா, எனக்கு வேற வேலை ஒண்டும் இல்ல எண்டு."

பதினொரு வருசத்தில அந்தச் சொல்ல நான் ஒரு நோயாளிக்கும் சொன்னதில்ல. சொல்ல வாய்ச்சதுமில்ல.

இப்பவும் ரெண்டு தொங்கல்லயும் ஒரே நேரம் கூப்பிடுவாங்க. நான் ஒரு பக்கம்தான் போவன். மற்றப் பக்கத்துச் சத்தம் தானா நிண்டிச்செண்டா, அந்த அலுமாரியத் தாண்டி எட்டிப் பார்க்க மாட்டன்.