நீலக் காகிதச் சேலை

என் தாய்மாமாவோடு பன்னிரண்டு வருடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். விரல் நீளக் காகிதச் சேலை ஒன்றின் நிறத்தை மாற்றிவிட்டார் என்பதுதான். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போதெல்லாம் நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. கடலாடிப் பக்கம் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு அக்கா வந்து, காகிதப் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நகர்த்தும்போதெல்லாம் செல்போனில் படம் எடுத்து, எல்லாவற்றையும் வேகமாக ஓட்டினால் பொம்மை நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். ஒரே சாயல் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்ப்பவர் மனசு அடங்கும். எதிரெதிர் நிறங்களை வைத்தால் பதறும். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

என் படம் அம்மாவைப் பற்றியது. மிளகாய்க் களத்தில் பழத்தைக் காயப்போடுவதும், கிளறிவிடுவதும், வானம் இருட்டினால் ஓடிப்போய் அள்ளுவதும்தான் அவள் வாழ்க்கை. களம் முழுக்கச் சிவப்புக் காத்தாடித்தாள் ஒட்டினேன். வானத்துக்கும் சிவப்பு. அம்மாவுக்கும் சிவப்புச் சேலை. களத்தோடு களமாக அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று காட்டுவதாக எனக்கு ஏகப்பட்ட பெருமை.

மாமா கடலாடியில் கடைகளுக்கு விளம்பரத் தட்டி எழுதுகிறவர். செல்போனை வாங்கிப் பார்த்தார்.

“ஏத்தா, செவப்புக்குள்ள செவப்ப வச்சா உங்கம்மா எங்கன நிக்கிறான்னே தெரியலையே. கண்ணுல அடிக்கிற மாதிரி ஒரு கலரு குடு.”

“இது ஒண்ணும் உங்க தட்டி இல்ல மாமா” என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து வந்த அம்மாவும் எட்டிப் பார்த்தாள். அடுப்படிக்கே திரும்பிப் போனாள்.

மழை வருமுன் மிளகாயை அள்ளி முடித்து அம்மா நிமிர்ந்து நிற்கும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. அந்தச் சமயம் பார்த்தா எனக்கு அம்மை போட வேண்டும்! வேப்பிலையில் கிடத்திவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டில் தாளிப்புக் கூடாது, மிளகாய் உள்ளே வரக் கூடாது. அப்பா மிளகாய் மூட்டைகளோடு என் காகிதக் களத்தையும் தூக்கி வெளிக் கொட்டகையில் வைத்துவிட்டார். காகிதமானாலும் மிளகாய் மிளகாய்தானாம்! வேறு வழியில்லாமல் மாமாதான் கொட்டகையில் உட்கார்ந்து கடைசிக் காட்சியை எடுத்தார். பொம்மையை நகர்த்தியது அம்மா. நான் சன்னல் வழியாகக் கத்தினேன்: “சேலையத் தொட்டீங்க, அவ்வளவுதான்!”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு பள்ளிக்கூடத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். முதல் மூன்று காட்சிக்கும் பையன்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. அவ்வளவு சிவப்புக்கு நடுவே நீலச் சேலையில் அம்மா நிமிர்ந்தாள்.

“ஏலே, அந்தா நிக்கிறாங்கடா அவ அம்மா!” என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்றாம் காட்சிக்கும் நான்காம் காட்சிக்கும் இடையில் எந்தக் கடையில் போய்ச் சேலை மாற்றினாள்? அந்த நீலம் என் சமூக அறிவியல் நோட்டின் அட்டை. அதையும் கிழித்தாயிற்று! படம் பார்க்க வந்திருந்த மாமாவிடம் அத்தனை பேர் முன்னால் போய்ச் சண்டைக்கு நின்றேன். பக்கத்தில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாருங்க, நீங்க செஞ்ச வேலைக்கு அம்மாவே அழுகுது!”

மாமா அம்மாவை ஒரு தடவை பார்த்தார். “தப்புத்தான்த்தா” என்றார்.

மறுவாரம் வண்ணப்பெட்டி வாங்கி வந்தார். தெருவில் வீசினேன். அவர் மகள் காதுகுத்துக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன்.

இப்போது சென்னையில் அனிமேஷன் படங்களுக்கு நிறம் தீர்மானிப்பதுதான் என் வேலை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பனங்காட்டு நிறத்திலேயே சேலை கட்டிய கிழவி நடந்துபோகும் ஒரு காட்சியை மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டினேன்.

“இதுல யாருடி இருக்கா?”

விரல் வைத்துக் காட்டினேன்.

“அன்னைக்கும் இப்பிடித்தான் என்னையக் காணாமப் போக்குன. அதான் உன் நோட்டு அட்டையக் கிழிச்சு நானே வெட்டி ஒட்டுனேன். பிள்ள சங்கடப்படும், சொல்லிராதடான்னு உங்க மாமாகிட்ட நாந்தான் சொன்னேன்.”

“பன்னெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு அம்மாவா!” என்று கத்தினேன். அந்த வண்ணப்பெட்டி தெருவில் சிதறியதும், மாமா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியதும் கண் முன்னால் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

அம்மா அசையவில்லை. “எத்தன வருசம் அந்தக் களத்துல கெடந்திருக்கேன். அங்கன ஒருத்தி நிக்கிறான்னு நாலு பேரு பாத்தது அன்னைக்குத்தாண்டி” என்றாள்.

அவள் நிம்மதியாக இருக்கிறாள் என்று படத்தில் தீர்மானித்தது நான். பத்தடி தூரத்தில் அடுப்படியில்தான் இருந்தாள். உனக்கு என்ன நிறம் வேண்டும் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்கலாம் என்பது அந்தப் பதினோரு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.