அக்காவின் கரவன் சுவர்

அக்கா குவைத்தில் பன்னிரண்டு வருடம் வீட்டுவேலை செய்தவள். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று திரும்பி வந்து, சேமிப்பை எல்லாம் போட்டு ஒரு பழைய கரவன் வாங்கினாள். கட்டிலும் சமைக்கக் குசினியும் உள்ளேயே இருக்கும் இழுவை வண்டி. செட்டிபாளையத்தில் வாவிக்கரையோடு கிடந்த எங்கள் காணியில் அதை நிறுத்தி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டாள்.

இரண்டாம் வருடம் கட்டில் பக்கச் சுவர் வெளியே உப்பியது. மேலே மெல்லிய பைபர் தகடு, பின்னால் பிளைவுட். இரண்டும் பசைவிட்டுப் பிரிந்திருந்தன.

நான் பைபர் படகு திருத்துகிறவன். இருபது வருடமாக எனக்கு அதுதான் சோறு போடுகிறது. அந்தத் திமிரோடு சுவரைத் தட்டிப் பார்த்தேன். படகுக்குத் தண்ணீர் வெளியே இருக்கிறது, வெளியே அடைத்தால் வேலை முடிந்தது. என் மூளைக்கு எட்டியது அவ்வளவுதான்.

“மேலையும் ஒருக்கா ஏறிப் பாரன், தம்பி. மழைக்கு அந்த மூலை ஈரம் மணக்குது” என்றாள் அக்கா.

“இது என்ட தொழில், அக்கா. நீங்க தேத்தண்ணியப் போடுங்க.”

உப்பிய இடத்தைக் கீறிப் பசை விட்டு அமுக்கி, மேலே இரண்டு அடுக்கு பைபர் போட்டேன். சுவரின் அடி விளிம்பையும் இடைவெளி விடாமல் அடைத்தேன். பெயின்ட் பூசியதும் புத்தம்புதிதாக இருந்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை.

அந்த மாரிமழை முடிந்த கையோடு, வாடகைக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கால் கட்டிலருகே தரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. காயமில்லை, ஆனால் அன்றே போய்விட்டாள். உள்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பலகை தேநீரில் ஊறிய பாண் துண்டு மாதிரிக் கையோடு வந்தது. பிறகுதான் கூரையில் ஏறினேன். ஓரத்து ஆணிகள் துருப்பிடித்து, வெயிலில் அவற்றை மூடிய சிலிக்கன் பசை வெடித்து, ஒவ்வோர் ஆணி ஓட்டையாலும் மழை சுவருக்குள் இறங்கியிருந்தது. முன்பு அது அடி விளிம்பால் கொஞ்சமாவது வடிந்து காய்ந்திருக்கும். அந்த வழியை அடைத்தவன் நான்.

சுவரின் மரச்சட்டம் முழுக்க உக்கிவிட்டது, திருத்த வழியில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் அதையும் விழுங்கினேன்.

 கொஞ்ச நாளில் அக்கா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, ஏஜென்சிக்காரனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் யாரோ ஒருவரின் குசினி.

அவள் போகிற நாள் களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸுக்கு நின்றோம். தெரிந்த பெண்ணொருத்தி வந்து, “என்னகா, திரும்பப் போறியா? கரவனுக்கு என்ன நடந்த?” என்று கேட்டாள்.

“உப்புக் காத்து திண்டு போட்டுது” என்றாள் அக்கா. என் பக்கம் அவள் திரும்பவில்லை.

நான் அவளுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.