உப்பு போடாத உமரிக்கீரை

சென்னையில் இருபது வருஷம் ஆட்டோ ஓட்டிய என் வீட்டுக்காரர், போன வருஷம் சொந்த ஊரான மரக்காணத்துக்கே திரும்பி, உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னை. வந்த மூன்றாம் மாதமே அவருக்குப் பிரஷர் என்று தெரிந்தது. உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். நான் அடியோடு நிறுத்திவிட்டேன்.

"நாள் பூரா உப்புலயே நிக்கிறேன். சோத்துல ஒரு கல்லு கூடாதா?" என்று தட்டைத் தள்ளிவைப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் உப்பளத்தில்தான் வேலை. ஒருநாள் உப்புப் பாத்தி ஓரம் தானாக முளைத்திருந்த கீரையை மடி நிறையப் பறித்துவந்து கொடுத்தார். குட்டிக் குட்டி இலைகள், தொட்டால் தளதளவென்று இருந்தன.

"உமரிக்கீரைம்மா. உப்பே போட வேணாம். ரெண்டு தபா வேகவச்சுத் தண்ணிய வடிச்சிட்டு, பருப்பு போட்டுக் கடைஞ்சிடு."

உப்பே வேண்டாம் என்றதில் எனக்கு ஒரே சந்தோஷம். வடித்தால் சத்தெல்லாம் போய்விடுமே என்று தண்ணீரோடு சேர்த்துக் கடைந்தேன். ருசி பார்த்தால் நன்றாகவே கரித்தது. செடியில் இருக்கிற உப்பு உடம்புக்கு என்ன செய்துவிடப்போகிறது என்று நானே முடிவுகட்டினேன். அவர் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் உமரிதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"ஏம்மா, போன தபாவைவிட ஏறியிருக்குது?"

"சத்தியமா உப்பு போடலைங்க. வெறும் உமரிக்கீரைதான்."

அவர் உள்ளூர்ப் பெண். "தண்ணிய வடிச்சீங்களா?"

"வடிச்சா சத்து போயிடுமேன்னு..." என்று இழுத்தேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இந்த ஊர்தானே? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அவ ஆசையா செஞ்சா. நானும் ஆசையா சாப்பிட்டேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம்தான். வண்டியில் பாதி தூரம் முறைத்துக்கொண்டே வந்தவள், அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

இப்போது வாரத்துக்கு ஒருநாள், இரண்டு முறை வடித்துத்தான் கடைகிறேன். பிரஷர் இறங்கியிருக்கிறது. "துணி அலசின தண்ணி மாதிரி இருக்குது" என்று முனகிக்கொண்டே சாப்பிடுகிறார்.